பழைய ஸ்டேஷனும் வேக ரயிலும்

"எம்பேரு தர்முஜி. வயசு இருபத்து நாலு. இப்ப தைவான்ல, வேக ரயில்ல, கக்கூஸ் பக்கத்துல நிக்கிறேன்" என்று தர்முஜி போனிடம் சொன்னான். போன் அதை எழுத்தாக்கி, இந்தோனேசியாவில் சிலாசாப்பில் இருக்கும் வீட்டாரின் குரூப்புக்கு அனுப்பியது.

உடனே அம்மாவிடமிருந்து குரல் வந்தது. "எம் புள்ள பேரு எனக்குத் தெரியும்டா. தம்பியப் பாத்தியா இல்லையா?"

பார்க்கவில்லை. அதுதான் பிரச்சினை. தம்பி வஸ்கிதோ மீன்பிடிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கப்பல் இன்று சாயங்காலம் காவ்சியுங் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் அட்லாண்டிக் வரை போகும். இரண்டு வருடத்துக்குத் தம்பி கையில் கிடைக்கமாட்டான். அவனை வழியனுப்பத்தான் தைச்சுங் நகரத்துச் சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு தர்முஜி கிளம்பினான்.

கிளம்பியவன் நேராகப் பழைய ஸ்டேஷனுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தைச்சுங்கில் உள்ள இந்தோனேசியர்கள் அத்தனை பேரும் கூடுகிற இடம் அது. ஸ்டேஷனில் பார்க்கலாம் என்றால் அங்கேதான். வேறொரு ஸ்டேஷன் இருப்பதாக யாரும் பேசிக்கொண்டதில்லை. தர்முஜி முன்பே வாங்கியிருந்த டிக்கெட்டைக் கதவு இயந்திரத்தில் நுழைத்தான். துப்பியது. திருப்பி நுழைத்தான். திருப்பித் துப்பியது.

"தம்பி, அது என்ன பண்ணும் பாவம்" என்றார் அங்கே நின்ற ஊழியர். "இது வேக ரயில் டிக்கெட்டு. அந்த ஸ்டேஷன் ஊருக்கு வெளிய இருக்கு. பாசஞ்சர் பிடிச்சுப் போ, ஓடு."

ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அவனுடைய ரயில் போய்விட்டிருந்தது. டிக்கெட் செத்துவிட்டது, தம்பியும் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு கவுண்ட்டரில் நின்றான். அங்கே உட்கார்ந்திருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"இன்னைக்குள்ள எந்த வண்டின்னாலும் ஏறலாம். ஸீட் நம்பர் போடாத பெட்டில."

"நிஜமாவா?"

"நிஜமா."

"வழியில இறக்கிவிட மாட்டாங்களே?"

"இப்படியே கேட்டுட்டு நின்னீங்கன்னா அடுத்த வண்டியும் போயிரும். கோடு போட்டிருக்கும், வரிசையில நில்லுங்க."

நின்றான். ஏறினான். ஜன்னலோரம்கூடக் கிடைத்தது. உட்கார்ந்து நிங்ருமுக்காகப் போனில் பேச ஆரம்பித்தான். அத்தை மகள் நிங்ரும் அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வருகிறாள். அவளாவது சரியான ஸ்டேஷனுக்குப் போகட்டும். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் பின் ஸீட்டு அம்மாள் தோளில் தட்டினாள்.

"நல்லாத்தான் பேசுற தம்பி. ஆனா பெட்டி முழுக்க உன் ஒருத்தன் சத்தந்தான். பெட்டிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசு."

எழுந்து கக்கூஸ் பக்கம் போனான். திரும்பிப் பார்த்தபோது அந்த ஜன்னலோரத்தில் அம்மாளின் பை உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டு வாங்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"நிங்ரும், குறிச்சுக்க. வண்டிக்குள்ள சாப்பிடலாம், தூங்கலாம். போன் பேசணும்னா நான் நிக்கிற எடத்துக்கு வந்துரு. இங்க நாத்தம் ஒண்ணும் இல்ல."

"நாங்க ஒன்னக் கக்கூஸ்ல நிக்கவா அனுப்பினோம்?" என்றாள் அம்மா.

காவ்சியுங்குக்கான வேக ரயில் சுவோயிங் என்ற ஸ்டேஷனில் முடிந்துவிடும். இறங்கியதும் தம்பியைக் கூப்பிட்டான்.

"ஒன்னயப் பாக்கத் துறைமுகத்துலேர்ந்து வந்துட்டேண்ணே" என்றான் வஸ்கிதோ. "ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்."

"நானும் ஸ்டேஷன்லதான். ஒனக்கு முன்னால என்ன இருக்கு?"

"டோனட் கடை."

"எனக்கும் டோனட் கடைதான். கையத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"தெரியலையே. ரெண்டு கையையும் தூக்கு."

"எல்லாரும் பாக்குறாங்கண்ணே."

தர்முஜி டோனட் கடையை மூன்றுமுறை சுற்றி வந்தான். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "வஸ்கிதோ, எந்த ஸ்டேஷன்டா?"

"எந்த ஸ்டேஷனா? எத்தனை இருக்கு?"

காலையில் இதே கேள்விதான் தன் முகத்திலும் இருந்திருக்கும் என்பதால் தர்முஜி திட்டவில்லை. "அசையாத. யாரு கூப்பிட்டாலும் போவாத. நான் வர்றேன்."

பாசஞ்சரில் காவ்சியுங்கின் பழைய ஸ்டேஷன் பக்கம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அவன் இரண்டு பேரிடம் வழி கேட்டான். இருவரும் ஒரே திசையைக் காட்டியும் மூன்றாவது ஆளிடம் கேட்டான். வெளியே வந்தபோது, தம்பியைத் துறைமுகத்துக்குத் திரும்பக் கூட்டிப்போகக் கப்பல் ஏஜெண்டின் வேன் வாசலில் நின்றது. வஸ்கிதோ ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு டிரைவருடன் வாதாடிக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் வருது சார். வந்துரும். கொஞ்சம் பயந்த ஆளு, மெதுவாத்தான் வரும்."

"வந்துட்டேன்டா" என்றான் தர்முஜி.

வேன் கதவைப் பிடித்தபடியே கட்டிக்கொண்டார்கள். தம்பியின் தோள் முன்பைவிட அகலமாக இருந்தது. தர்முஜி வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுப் போனை உயர்த்தினான். அம்மா இரண்டு முகத்தையும் ஒரே படத்தில் பார்த்தாள். டிரைவர் இரண்டாம் தடவை ஹார்ன் அடித்தபோது, "கப்பல்ல சோறு போடுவாங்களான்னு அந்தாளக் கேளு" என்றாள். கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் தர்முஜி அங்கேயே நின்றான். பிறகு போனை வாயருகே கொண்டுபோனான்.

"தம்பியப் பாத்துட்டேன். நல்லா இருக்கான். நிங்ரும், டிக்கெட் எடுக்கறதுக்கு முந்தி வேக ரயில் ஸ்டேஷனா, பழைய ஸ்டேஷனான்னு கேட்டுக்க. வண்டி போயிட்டாலும் அழாத, அடுத்ததுல ஏறு. மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கப்பல் எங்கயாவது கரைக்கு வந்து, தம்பி யாருக்காவது போன் பண்ணினான்னா, எனக்குத் தகவல் சொல்லுங்க. நான் வேலையில இருந்தாலும் கூப்பிடுங்க."