ஜெனரலிடம் சம்மதம் கேட்ட ஞாயிறு

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்து வருஷக்கணக்காகிறது. இப்போது செத்தால் ஊருக்கு வெளியே, ஹைவே ஓரத்துப் புது மைதானம்தான். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். செத்தவருக்கு அது ஒரு பொருட்டில்லை. பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் பாடு.

பழைய தோட்டத்தில் காலியாகக் கிடப்பது ஜெனரலின் இடம் ஒன்றுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ராணுவ ஜெனரல். மார்பளவுச் சிலை. மீசையில் ஒரு நுனி உடைந்துவிட்டது. மிச்ச நுனி மட்டும் வீரமாக மேலே பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்குள் நாலு பேர் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் ஜெனரலே அங்கே படுத்திருக்கவில்லை. கடல் தாண்டி நடந்த போரில் செத்தார், உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. இங்கே இருப்பது வெறும் நினைவுச்சின்னம்.

தையல்காரம்மாவின் வீடு தோட்டச் சுவரை ஒட்டியது. அவள் புருஷன் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். போன மழைக்காலத்திலிருந்து நுரையீரல் சரியில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். இது தெரு முழுக்கத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு நாத்தனார் முறை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பேசுவது அவள், கேட்பது அவர். அதற்குத் தகுந்த மாதிரிதான் நாங்கள் டிவி சத்தத்தை வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட மனுஷனை இரண்டு பஸ் தாண்டி விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. ஜெனரலின் வேலிக்குள் ஒரு ஓரம் கிடைக்குமா என்று தோட்டத்துக் கமிட்டியிடம் போய்க் கேட்டாள்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடம் கையை விட்டுப் போனபிறகு செத்தவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஜெனரலின் உறக்கம் கெடும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் போனாள். அப்போதும் உறக்கம்தான்.

அதற்கப்புறம் அவள் வேறு வழியாக வந்தாள். கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் புதைக்கும்முன் பக்கத்துக் கல்லறைக்காரரின் குடும்பத்திடம் சம்மதம் கேட்க வேண்டும். குடும்பமே அற்றுப்போயிருந்தால், தலைவர் அந்தக் கல்லறைமுன் நின்று, ஆட்சேபணை உண்டா என்று மூன்று தடவை உரக்கக் கேட்பார். பதில் வராவிட்டால் சம்மதம். இதுவரை பதில் வந்ததில்லை.

"அப்ப ஜெனரல்கிட்டயே கேட்டுருங்க சார்" என்றாள்.

"அவர்தான் அங்க இல்லையேம்மா. இல்லாதவர் பேசாம இருந்தா அது எப்படிச் சம்மதமாகும்?"

"இல்லாதவருக்கு உறக்கம் மட்டும் எப்படி சார் கெடும்?"

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேட்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாதிப் பேருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிட்டது. நான் என் அத்தை கல்லறையில் புல் பிடுங்கப் போனேன். அத்தையை அடக்கம் செய்தபிறகு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. லேத்துக்காரர் தடியை ஊன்றி மெல்ல வந்து ஜெனரலின் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிலையைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை. இரண்டாம் தடவை ஒரு காக்கா கத்தியது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. மூன்றாம் தடவை கேட்டார்.

"எனக்கு இருக்கு" என்றார் லேத்துக்காரர்.

தையல்காரம்மா திரும்பினாள். "உங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

"என்னை யாரும் கேக்கவே இல்லையே. ஹைவே பக்கம் அமைதியா இருக்குமாம்."

"அங்க ராப்பகலா லாரி போகுது."

"லாரி சத்தம் பழகிரும்."

வழக்கப்படி யார் ஆட்சேபித்தாலும் காரியம் நின்றுபோகும். ஹெட்மாஸ்டர் முகத்தில் லீவு விட்ட களை. நாங்கள் எல்லாரும் தையல்காரம்மா ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தோம். அவள் ஆரம்பிக்கவில்லை. பேசியபோது குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது; நான் அத்தையை விட்டுவிட்டுக் கொஞ்சம் கிட்டே போக வேண்டியதாயிற்று.

"பஸ் ஏறி இறங்க என் முட்டி ஒத்துக்காது. நினைச்சா வந்து பாக்க முடியாது. நீங்க பாட்டுக்குத் தனியாக் கிடப்பீங்க. சம்மதம்தானா?"

அவர் ஜெனரலை அண்ணாந்து பார்த்தார்.

"அவ்வளவு அமைதி எனக்கு ஆகாது" என்றார்.

சொன்ன ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதற்கும் மூன்று தடவை கேட்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். அப்படி ஒரு விதி இருந்ததா, அப்போதுதான் பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் தடவைக்கு லேத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்றார். இரண்டாவதற்கு இருமல் வந்தது. அது அடங்கியபிறகு இல்லை என்றார். மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லாமல் பெண்டாட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். எழுந்திருக்க முடியவில்லை.

அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். "வெறுங்கல்லுல இவ்வளவு நேரம் உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும், கொஞ்சமாவது யோசிக்கிறீங்களா?" என்று தொடங்கினாள். லேத்துக்காரர் அதற்குத் தலையை ஆட்டினார். எப்போதும் ஆட்டுவதுதான். ஹெட்மாஸ்டர் அதையே மூன்றாவது பதிலாக நோட்டில் குறித்துக்கொண்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.