தாங்குசுவர்

கோப்பைகளை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் கிதாம். கைப்பிடி இல்லாத, ஒரு மடக்குக்கு மேல் கொள்ளாத சின்னக் காபிக் கோப்பைகள். துடைத்தது போதும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் கை நின்றால் கால் ஜன்னலுக்குப் போய்விடுகிறது. ஜன்னலுக்குப் போனால் வெறும் தெரு. ஜும்ஆ தொழுகை முடிய இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். திரும்பி வந்து மறுபடியும் துணியை எடுத்தாள்.

“தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையே போட்டுடுவ போலிருக்கே,” என்றாள் உம்மா. சொன்னவள் மட்டும் சும்மாவா இருந்தாள்? குனாஃபா இனிப்புத் தட்டின் மேல் மூடிய துணியைக் காலையிலிருந்து பத்துத் தடவை தூக்கிப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்திறங்கியாயிற்று. வாப்பா இரண்டு முறை சவரம் செய்துகொண்டு தாடையில் ஒரு வெட்டோடு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார்.

ஹாஜி தைஃபல்லா வீட்டுப் பெரியவர்கள் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வருகிறார்கள் என்று நேற்று மாலைதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. வாப்பாவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? முப்பத்தாறு வயதில் கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டுக்கு, அங்கி போட்ட பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டு வந்தால், ஐன் ஸர்பாவில் எந்தத் தகப்பன் வாயைத் திறந்து எதற்கு என்று கேட்பான்? கேட்டால் கௌரவம் என்னாவது? இருபது வருஷம் ராணுவ லாரி ஓட்டிய மனிதர், ஊரே மூத்த மகன் பெயரைச் சொல்லி அபூ ஃபவ்வாஸ் என்று மரியாதையாகக் கூப்பிடும் மனிதர், நேற்று வீட்டுக்குள் வந்து, “கிதாம், நாளைக்கு அந்த நீலச் சட்டையப் போட்டுக்கோ தாயி,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

சரி, அவர் மட்டுமா நினைத்தார்? அவளும்தான் நினைத்தாள். ஹாஜியின் தங்கை மகன் முஅதஸிம் பள்ளிக்கூட வாத்தியார். போன மாசம் பள்ளிக்கூடச் சுவரைச் சோதிக்கப் போன, பனி விலகாத ஒரு காலையில் கான்கிரீட்டைத் துளைக்கும் மெஷினைச் சுவர்வரை தூக்கி வந்து வைத்தவன், “உங்களுக்குக் குளிரலையா?” என்று கேட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாசம் ஓட்டியிருக்கிறாள், இன்ஜினியரிங் படித்தவள்! நீலச் சட்டையை நேற்று ராத்திரியே இஸ்திரி போட்டுவிட்டாள்.

அடுப்பு மேடையில் கிடந்த போன் அதிர்ந்தது. இங்க்ரித்தான். ‘ஞாயிறு மதியத்துக்குள் இறுதி அறிக்கையை அனுப்பிவிடுங்கள், வாழ்த்துகள்!’ பக்கத்தில் சிரிக்கிற சூரியன் படம். இங்க்ரித் நல்ல பெண், குளிர்நாட்டுக்காரி, ஊழலை ஒழிக்க அவர்கள் அரசாங்கம் கொடுக்கும் உதவித் திட்டத்தைத் தலைநகர் அம்மானில் உட்கார்ந்து நடத்துகிறாள். நகராட்சி வேலைகளை ஊர்க்காரர்களே சோதித்து எழுத வேண்டும் என்பது திட்டம். சாக்கடல் ஓரத்து ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு கைகள் குலுக்குகிற மாதிரி அச்சடித்த துணிப்பை ஒன்றும் கொடுத்தார்கள். உம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

யார் சோதித்தார்கள் என்ற பெயர் வெளியே வராது, வெறும் எண்தான் இருக்கும் என்று இங்க்ரித் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். கிதாம் மூன்றாம் எண். ஆனால் ஐன் ஸர்பாவில் இப்படிச் சோதிக்கிற கண்காணிப்பாளர்களே நான்கு பேர்தான். அதில் மூன்று பேர், முஅதஸிமையும் சேர்த்து, நகராட்சி இன்ஜினியர் நவாஃபுக்குச் சொந்தம். நவாஃப் ஹாஜியின் அண்ணன் மகன். சுவர் என்றதும் மூன்று பேரும் ஒவ்வொரு சாக்கைச் சொல்லி விலகிக்கொண்டார்கள். முஅதஸிம் அந்த முதல் நாளோடு சரி. இதற்கு மேல், எழுதியதைப் பற்றி நகராட்சியின் விளக்கத்தையும் கேட்பதுதான் நியாயம் என்று அறிக்கையின் வரைவு நகலைத் திட்டத்துக்காரர்களே நகராட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் நாட்டில் அது நியாயம்தான். இந்த ஊரில் மூன்றாம் எண் யார் என்று குருடன்கூடச் சொல்லிவிடுவான்.

சுவர் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மலைச்சரிவு சரிந்து வராமல் தாங்குவதற்காகக் கட்டியது. கட்டியது ஒரு நாட்டு உதவியில். சோதித்தது இன்னொரு நாட்டு உதவியில். துளைத்து எடுத்த கான்கிரீட் உருளைகளில் மூன்றை அம்மானில் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. நாலாவது உருளை வீட்டில் இருக்கிறது. காற்றுக்குச் சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் உம்மா அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆணிகூட வேண்டாம், நகத்தால் கீறினாலே மணல் உதிரும். அந்தச் சுவர் நிழலில்தான் அண்ணன் மகள் வத்ஹா தினமும் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ரொட்டியும் ஸஅதர்ப் பொடியும் தின்கிறாள். இன்னும் மூன்று வாரத்தில் மழை வந்துவிடும்.

இறுதி அறிக்கை தயார். அவள் அனுப்பாவிட்டால் அந்த வரைவு செல்லாது. அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இரண்டு நாளாக அழுத்தவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டால் வருகிற பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை முதலில் கழியட்டும் என்று உள்ளே ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்குப் போகப் போகிறவள் அந்த வீட்டுப் பையனின் கழுத்தில் கயிற்றைப் போடுவதா என்று அது கேட்டது. சீ, நாமும் இப்படித்தானா என்று எரிச்சலாக வந்தது. கோப்பையை நங்கென்று வைத்தாள்.

“வந்துட்டாங்கடி!” என்றாள் உம்மா.

ஏழு பேர். தங்கக் கரை போட்ட கறுப்பு அங்கியில் ஹாஜி தைஃபல்லா முன்னால் வந்தார். கடைசியில், செருப்பை யாருக்கும் இடறாமல் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவன் முஅதஸிம். மாப்பிள்ளையும் கூடவே வருவதுண்டா? உண்டு, சில வீடுகளில் உண்டு. கதவு இடுக்கில் உம்மாவின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினாள் கிதாம்.

வாப்பாவே கூஜாவை எடுத்து ஊற்றினார். ஹாஜி வலது கையால் கோப்பையை வாங்கினார். வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகாமல், எதிரே கம்பளத்தின் மேல் வைத்தார். மற்ற ஆறு பேரும் அப்படியே வைத்தார்கள். ஒரு காரியம் கேட்டு வந்தவர்கள், தருகிறேன் என்ற சொல் வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும்வரை காபியைத் தொட மாட்டார்கள். உம்மா கிதாமின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அபூ ஃபவ்வாஸ்,” என்று தொண்டையைச் செருமினார் ஹாஜி. “உங்ககிட்ட ஒரு காரியமா வந்திருக்கோம். உங்களால மட்டும்தான் ஆகும். எங்க…”

வாப்பாவுக்கு எங்கே பொறுமை! பதினைந்து வருஷமாக இந்த நாளுக்காக உள்ளுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மனிதர். “ஹாஜி, நீங்க வாயத் திறக்கவே வேணாம்! என் வீடு தேடி வந்துட்டீங்கள்ல? குடிங்க காபிய! கேக்க வந்தது உங்களுதுதான். என் முகத்து மேல சத்தியம், இந்த மீச மேல சத்தியம், குடுத்தாச்சு!”

ஹாஜி நினைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பொறுங்கள், முதலில் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வாப்பாவின் தாடையில் இருந்த வெட்டைப் பார்த்தார், பக்கத்து வீட்டு நாற்காலிகளைப் பார்த்தார், எல்லாம் புரிந்தது அவருக்கு. கோப்பையை எடுத்தார். குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். முஅதஸிம் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான்.

உம்மா குலவையிட்டாள். அடிவயிற்றிலிருந்து, நீளமாக, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பதிலுக்கு இன்னொரு குலவை எழும்பியது. கூடத்தில் ஏழு தலைகளும் திரும்பின. யாரோ இருமினார்கள்.

“அல்லாஹ் உங்க வீட்டுல என்னைக்கும் சந்தோஷத்தக் குடுக்கட்டும்,” என்றார் ஹாஜி, காலியான கோப்பையைப் பார்த்துக்கொண்டே. “ஆனா நாங்க வந்தது அந்தச் சுவரு விஷயமா, அபூ ஃபவ்வாஸ். உங்க மக எழுதின அறிக்கை. அது போகக் கூடாது.”

உம்மாவின் கை வாயைப் பொத்தியது. அப்படியே சுவரோடு சரிந்து வெங்காயப் பையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கிதாமுக்கு முகம் எரிந்தது. அறிக்கைகூட அப்போது ஞாபகத்தில் இல்லை. நீலச் சட்டைதான் உடம்பில் நெருப்பாகக் கிடந்தது. கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

ஹாஜியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. “நவாஃப் திருடன் இல்லங்க. பயந்தாங்கொள்ளி. மேலேருந்து கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டான். கட்டினவன் ஊரை விட்டே போயிட்டான். இப்ப இவன்தான் ஜெயிலுக்குப் போகணும். நாலு பிள்ளைங்க. வெள்ளைக்காரங்க இன்னைக்கு வருவாங்க, திட்டம் முடிஞ்சா நாளைக்குப் போயிடுவாங்க. நாளைக்கும் இந்தத் தெருவுல நாமதான ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும்?”

வாப்பா சமையலறைக்கு வந்தார். கூஜா இன்னும் கையில் இருந்தது. பத்து நிமிஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

“தாயி…”

“தெரியும் வாப்பா.”

“நான் என்னமோன்னு நெனச்சு…”

“நானும் அதான் நெனச்சேன்.”

அதற்கு மேல் அவரால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “சொல்லு குடுத்துட்டேன்மா. ஏழு பேருக்கு முன்னாடி. இனிமே எப்படி…” என்றார். கொடுத்த சொல்லை விழுங்கினால் அவர் இந்த ஊரில் எந்தத் துக்கத்துக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் போய் உட்கார முடியாது. அது அவளுக்கும் தெரியும். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஹாஜி மேலா, இங்க்ரித் மேலா, இரண்டு நாளாகப் பொத்தானை அழுத்தாமல் கிடந்த தன் கட்டைவிரல் மேலா? நேற்றே அனுப்பியிருந்தால் இன்று யார் வந்து எதைக் கேட்டாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

சட்டென்று குனிந்து கதவுக்கு முட்டாக இருந்த உருளையைத் தூக்கினாள். கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. உருளையைத் தட்டில் வைத்தாள், பக்கத்தில் போனை வைத்தாள். “ஏய், ஆம்பளைங்க இருக்கிற இடத்துக்கு…” என்று உம்மா கீழேயிருந்து பாவாடை நுனியைப் பிடித்தாள். கிதாம் உதறிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளிப் போனாள்.

முஅதஸிம் எழுந்து நின்றுவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஹாஜிக்கு எதிரே மண்டியிட்டுத் தட்டை வைத்தாள்.

“எங்க வாப்பா குடுத்த சொல்லு சொல்லுதான், ஹாஜி. நான் அத உடைக்க மாட்டேன். இந்தாங்க போன். அறிக்கை இதுலதான் இருக்கு. உங்க கையாலயே அழிச்சிடுங்க.” போனை அவர் பக்கம் நகர்த்தினாள். “அதுக்கு முன்னாடி இத ஒரு தடவ தொட்டுப் பாருங்க.”

“என்னம்மா இது?”

“உங்க சுவரு.”

ஹாஜி ஒரு கையால் தூக்கப் பார்த்தார், கனம் தாங்காமல் மறு கையையும் கொடுத்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தேய்த்தார். மணல் உதிர்ந்தது. நம்பாதவர் மாதிரி மறுபடியும் தேய்த்தார். அங்கியின் தங்கக் கரையிலும் கம்பளத்திலும் சிந்தியது.

“எங்க வத்ஹாவும் உங்க பேத்தி ஸப்ஹாவும் மத்தியானத்துல இதுக்கு அடியிலதான் உக்காந்து ரொட்டி தின்னுதுங்க,” என்றாள் கிதாம். “வேற ஒண்ணும் இல்ல. நீங்க அழிச்சிக்கலாம்.”

வாப்பா பின்னாலேயே வந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாத மனிதர், விருந்தாளியின் காலிக் கோப்பையைப் பார்த்ததும் கைப்பழக்கத்தில் குனிந்து இன்னொரு முறை ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஹாஜி ஆட்டவில்லை. மணல் ஒட்டிய விரல்களால் கோப்பையை வாங்கினார். உதடு வரை கொண்டுபோனார். அங்கேயே பிடித்திருந்தார். போனின் திரை வெளிச்சமாகி அந்தச் சிரிக்கிற சூரியன் வந்து போனது.

கோப்பையைக் கீழே இறக்கி வாப்பாவுக்கு எதிரே கம்பளத்தின் மேல் வைத்தார். நிறைந்த கோப்பை, காரியம் கேட்டு வந்தவர்கள் வைப்பது போல. இந்தத் தடவை என்ன கேட்க வந்திருக்கிறோம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. போனை அவர் தொடவில்லை, கண் மட்டும் அந்த உருளையிலேயே இருந்தது.

வாப்பா கூஜாவைப் பிடித்தபடி நின்றார். குடிங்க என்ற வார்த்தை அவர் உதட்டுக்கு வரவில்லை. ஏழு பேரும், கிதாமும், சமையலறை வாசலில் உம்மாவும், சிந்திய மணலுக்கு நடுவே ஆவி பறந்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.