மூன்றாம் கூப்பாடு

நெருப்பெரிச்சல் ஊர்க் கோயில் திடலில் மாறனேந்தல் மகாராஜா தர்பாருக்கு வந்து, சிம்மாசனத்தில் அமர்ந்து, நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா என்று மந்திரியைக் கேட்க வாயைத் திறந்தபோது அவருக்கு மூச்சு வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் மகாராஜா ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். மந்திரி வேஷம் போட்டிருந்த முனீஸ் மட்டும் மகாராஜாவின் உதடு அவுரி நீலத்துக்கு மாறுவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

நான் பக்கத்திரைக்குப் பின்னால் இன்னொரு மைக்கோடு நின்றிருந்தேன். என் பெயர் ராக்கையா, வயது எழுபத்தொன்று. மேடையில் பபூன், மற்ற நாட்களில் ஒரு பனியன் கம்பெனியின் வாட்ச்மேன். எனக்கு அடுத்தவர் குரல் வரும். ஒருமுறை கரண்ட் போன நேரத்தில் நான் ஜெனரேட்டர் மாதிரி உறுமியதைக் கேட்டு, நாற்பது பேர் இருட்டிலேயே உட்கார்ந்து ஒரு லாட் பனியன் முழுவதும் தைத்து முடித்தார்கள். இதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் காசிமாயன் குரல் எனக்கு அப்படியே வரும் என்பதை நம்பலாம். "மந்திரி! மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து அவன் குரலில் கேட்டேன். மகாராஜா வாயை மெல்ல மூடித் திறந்து ஒப்பேற்றினார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த மகாராஜாதான் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்து நான்கு வருஷம் பிளீச்சிங் பட்டறையில் நின்றவன். துணி வெளுத்தது; நெஞ்சுக்குள்ளும் ஏதோ வெளுத்துவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

எங்கள் நாடக மன்றத்தில் ஒன்பது பேர். எல்லாரும் தெக்கே இருந்து பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலோர் ஏதாவது ஒரு கம்பெனியில் கட்டிங்கோ டெய்லரோ. திங்கட்கிழமை எட்டரைக்கு ஷிப்ட் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாடகம். மைக்குக்குப் பத்து மணி வரைதான் அனுமதி. அந்தக் காலத்தில் விடிய விடியக் கஷ்டப்பட்ட ராஜாக்கள் எல்லாம் இப்போது ஒன்பதே முக்காலுக்குள் நாட்டை இழந்து, காட்டுக்குப் போய், திரும்பி வந்தாக வேண்டும். போன சீசனில் பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவே ஐந்து ஊர், ஐந்து நாடகம். ஐந்தும் எங்கள் வாத்தியார் சந்தனம் எழுதியவை. பிணம் இல்லாத நாடகம் அப்பளம் இல்லாத பந்தி என்பது அவர் கொள்கை. அதனால் ஐந்திலும் கடைசிக் காட்சியில் ஒரு பிணம் உண்டு.

அவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் இன்னொன்றும் உண்டு. பேர் கூப்பாடு. ஒப்பாரி முடிந்ததும் பிணமாகப் படுத்திருக்கிறவனை அவன் வீட்டு ஆள் ஒருவர் மேடைக்கு வந்து, வேஷத்தின் பெயரை விட்டுவிட்டு, சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். அவன் 'இருக்கேன்' என்று சொன்னால்தான் படுதா இறங்கும். மூன்றாம் கூப்பாட்டுக்கும் பதில் வராவிட்டால் எல்லா விளக்கையும் போட்டு, நாடகத்தை நிறுத்தி, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இது எப்படி வந்தது என்பதற்கு நான் நான்கு கதை வைத்திருக்கிறேன், ஆள் பார்த்துச் சொல்வேன். எமதூதன் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தான், மேடையில் படுத்திருந்தவனை நிஜப் பிணம் என்று நினைத்துக் கூட்டிப் போய்விட்டான், டிக்கெட் வாங்கி வந்தவன் என்பதால் யாரும் தடுக்கவில்லை என்பது அதில் ஒன்று.

பதினோரு வருஷமாகப் பிணம் நான்தான். எனக்கு வீட்டில் ஆள் இல்லாததால் ராணி வேஷம் போடும் விஜயராணி என்னைக் கூப்பிடுவாள். மூன்றாம் கூப்பாடு வரை கூட்டத்தைத் தவிக்கவிட்டுத்தான் பதில் சொல்வேன். அதிலொரு ருசி.

நெருப்பெரிச்சலுக்குப் பிறகு காசிமாயனால் ராஜா வேஷம் தாங்க முடியவில்லை. குன்னத்தூரில் மந்திரியானான். மந்திரிக்கும் வசனம் அதிகம் என்று மூன்றாவது நாடகத்தில் தூதுவன் ஆக்கினோம். 'ஓலை வந்திருக்கிறது மன்னா' என்ற ஒரே வரி, அதையும் நான்தான் உள்ளிருந்து சொன்னேன். தாராபுரத்தில் வேல் பிடித்த காவலாளி. பார்த்தவர்களுக்கு அவன் வேலைப் பிடித்திருந்ததாகத் தெரிந்திருக்கும். வேல்தான் அவனைப் பிடித்திருந்தது.

ஐந்தாவது மடத்துக்குளத்தில். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, ஒரே அறை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் வீட்டுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்கவில்லை.

"அண்ணே, அவரு என் பேச்சக் கேக்க மாட்டாரு. வேசம் இல்லேனு நீங்களாச்சும் சொல்லிப்புடுங்க."

"வேசம் இல்ல மாப்ள," என்றேன்.

"என்னா மாமா இப்பிடிச் சொல்ற. இருவத்திரெண்டு சீசன்ல ஒரு நாடகம் விட்டதில்ல. இத முடிச்சுட்டுப் படுத்துக்கிறேன். என்னா வேசம் மிச்சமிருக்கு?"

"பொணந்தான் இருக்கு. அது என் வேசம்."

"குடு மாமா. பதினோரு வருசமா சாகுற, இன்னும் ஒனக்குச் சரியா வரல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்க ஆரம்பித்து, இருமி, பாதியில் விட்டான். ஒச்சம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நானும் வருவேன். முடிஞ்ச அடுத்த நிமிசம் உடுமலை ஆஸ்பத்திரி. சரின்னா போகட்டும்."

"சரி," என்றான். பேரம் முடிந்தது. பேர் கூப்பாட்டுக்கு ஆளும் அமைந்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் புருஷன் பெயரை அவள் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவாள்.

"நான் எப்பிடிண்ணே பேரச் சொல்லிக் கூப்புடுவேன், அம்புட்டுச் சனத்துக்கு முன்னால?"

"பத்து மணிக்குள்ள கூப்ட்டுரு தாயி. இல்லாட்டி போலீசு மைக்க அமத்திருவான்."

மடத்துக்குளத்தில் விழாக் கமிட்டிக்காரர் சென்னியப்பன், இரண்டு பனியன் யூனிட்டுக்கும் ஒரு தென்னந்தோப்புக்கும் சொந்தக்காரர், வேனருகே வந்து நின்றார். "ஏனுங்க, நேரத்துல முடிச்சுப் போடுங்க. எங்கூட்டு அம்மா அந்தப் பேர் கூப்படறதப் பாக்கறக்குன்னே வந்து உக்காந்திருக்குதுங்க. அது இல்லாம மட்டும் உட்றாதீங்க."

"அதெப்பிடிங்க விடுவோம்," என்றேன்.

கடைசிக் காட்சியில் காசிமாயனைத் தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து, சாய்வாகக் கிடத்தினோம். மாலை போட்டோம். விஜயராணி ஒப்பாரி வைத்தாள். பன்னிரண்டு நிமிஷ ஒப்பாரி. முன்வரிசையில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். அவள் ஒதுங்கியதும் ஒச்சம்மாள் வந்தாள். வேஷம் இல்லை, வேலைக்குப் போகும் சேலை, கம்பெனி அடையாள அட்டைகூடக் கழுத்திலேயே கிடந்தது. முதல் கூப்பாட்டில் உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது, கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்டது. மூன்றாவது வந்தது.

"காசிமாயா!"

அந்தச் சத்தத்துக்குக் கோயில் மரத்தில் இருந்த காக்கைகள் எழும்பின. இது கதையில்லை.

பதில் வரவில்லை. நான் பக்கத்திரைக்குப் பின்னால் நான்கு அடி தூரத்தில் நின்றிருந்தேன். மாலை லேசாக ஏறி இறங்கியதாகத்தான் எனக்குத் தெரிந்தது. மின்விசிறிக் காற்றிலும் மாலை அசையும். மூச்சு இருக்கிறது, குரலுக்குத்தான் பற்றவில்லை, சீசன் முழுவதும் இதைத்தானே பார்த்தோம் என்று நினைத்தேன். ஒச்சம்மாள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி அவன் முகத்தின் மேல் குனிந்தாள். முனீஸின் கை லைட் சுவிட்சில் இருந்தது. அவனுடைய இருபத்திரண்டாவது சீசன், கடைசி ஒரு சொல்லில் நின்றது.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், அவன் குரலில், "இருக்கேன்," என்றேன்.

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. சென்னியப்பன் வீட்டு அம்மா எழுந்து நின்று கும்பிட்டது. படுதா இறங்கியது. ஒச்சம்மாள் அவன் நெற்றியைத் தொடப் போனாள். "களைச்சுக் கெடக்கான், செத்த நேரம் விடு தாயி, மூட்டை முடிச்சக் கட்டுனதும் கெளம்பிருவோம்," என்றேன். அவள் அவன் பையை எடுக்கப் போனாள். நாங்கள் சீன் படுதாக்களைச் சுருட்டினோம், ஆர்மோனியத்தைக் கட்டினோம், யாரோ டீ வாங்கி வந்தார்கள், நான் குடித்தேன். இருபத்தைந்து நிமிஷம். கடைசியாக அவன் படுத்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டுவதற்கு முனீஸ் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

உடுமலையில் டாக்டர் பார்த்துவிட்டு, "கடைசியா எப்பப் பேசினார்?" என்றார்.

"ஒம்பதே முக்காலுக்குங்கய்யா. நான் கூப்ட்டேன், இருக்கேன்னாரு," என்றாள் ஒச்சம்மாள்.

டாக்டர் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். நான் வேஷத்தைக் கலைத்து, கம்பெனி வாசலில் வருகிற போகிற நேரத்தை எழுதும் பேனா செருகிய வாட்ச்மேன் சட்டையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆக, அந்தத் தாளில் இருப்பது நான் பேசிய நேரம்.

நான் சொன்னபோது அவன் ஏற்கெனவே போயிருந்தான் என்றால் நான் ஒரு பிணத்துக்குக் குரல் கொடுத்தவன். அதைத் தாங்கிக்கொள்ளலாம், பபூனுக்கு அது பெரிய பாவமில்லை. போகாமல் இருந்திருந்தால், விளக்கைப் போட்டிருப்பார்கள். பத்தே முக்காலுக்குப் பதிலாகப் பத்தேகாலுக்கு அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பான். வாத்தியார் அந்த வழக்கத்தை எதற்காக வைத்தாரோ, அந்த ஒரு நாளில் நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வருஷம் முழுவதும் ஒச்சம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "நாங் கூப்ட்டதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போனாரு. முப்பது வருசம் பேரச் சொல்லாம இருந்ததுக்கு, ஒரு வாட்டி சொன்னேன், பதில் சொல்லிட்டாரு." கேட்டவர்கள் அழுதார்கள். நானும் தலையாட்டினேன். இதுவரை பொய்யே எனக்குச் சோறு போட்டிருக்கிறது. அது நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டது இந்த முறைதான்.

இந்தப் பங்குனியில் மறுபடியும் நெருப்பெரிச்சல். ராஜா வேஷம் முனீஸுக்கு. பிணம் பழையபடி நான். மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒச்சம்மாள் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மூக்கில் வைக்க வேண்டிய பஞ்சை எடுத்து, நிதானமாகத் திரித்துக் கொடுத்தாள்.

"அண்ணே, இந்த வாட்டி ஒங்கள நாங் கூப்புடுறேன். விஜயராணிட்டச் சொல்லிட்டேன்."

"நீ எதுக்குத் தாயி?"

"நாந்தான் கூப்புடணும்." பஞ்சை என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒங்க கொரல்லயே பதில் சொல்லுங்கண்ணே. எனக்கு அதக் கேக்கணும். ரெண்டு கொரலையும் வச்சுப் பாக்கணும்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. செக்கிங் மேஜையில் இரண்டு பனியனைச் சேர்த்து வைத்துத் தையலைப் பார்க்கிற முகம் அது.

இப்போது ஒப்பாரி முடிந்துவிட்டது. கண்ணை மூடிக் கிடக்கிறேன். மாலையில் இருந்த கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஏறி நாடியை நோக்கி நடக்கிறது. பலகையில் அவள் காலடி கேட்டது, தலைமாட்டில் நின்றது. "ராக்கையாண்ணே," என்றாள். "ராக்கையாண்ணே." பக்கத்திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்த இடத்தில் இன்று யாரும் இல்லை, அந்த மைக் மட்டும் ஸ்டாண்டில் தனியாக இரைந்துகொண்டிருக்கிறது. எறும்பு உதட்டோரம் வந்து நின்றது. அவள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கிறது.