கோழி இறங்கிய குழி

கோகிலா போன பிறகு அந்தக் கணினியின் குப்பையை யுவராஜ் ஒருமுறைகூட முழுதாகக் காலி செய்ததில்லை. சோம்பலால் அல்ல. காலி செய்தால் அவள் போட்ட படம் மறைந்துவிடும்.

செம்மேட்டில் மிளகு விவசாயிகள் சங்கத்து அறையில் இருந்த அந்தக் கணினி, மலைக்குக் கீழே ஏதோ ஒரு கல்லூரி வேண்டாமென்று ஒதுக்கியது. யூனிக்ஸ் வகை சிஸ்டம். விண்டோஸ் பழகியவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போவார்கள். அங்கே மூட்டைக் கணக்குப் பதிந்த கோகிலாவுக்கு அதுதான் பிடித்தது. அதில் ஐகான் எடிட்டர் என்றொரு புரோகிராம் இருந்தது. திறந்தால் திரை முழுக்கக் கட்டம். ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்துக்கொண்டே போனால், ஓரத்தில் நகத்தளவு படமாக அது சேர்ந்து தெரியும். மிளகுக்கொடி, சாமைக்கதிர், குச்சிக்கிழங்கு என்று போட்டு, எழுத்துக்கூட்ட வராதவர்களும் திரையில் விரல் வைத்துக் காட்டும்படி செய்துவிட்டாள்.

குப்பைக்கு மட்டும் சிஸ்டத்தோடு வந்த தொட்டிப் படமே இருந்தது. ஒருநாள் மூட்டையோடு வந்த குப்புசாமி அதை உற்றுப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, அதென்ன வாளி?"

"வாளி இல்லீங்க மாமா, குப்பைத்தொட்டி. வேண்டாததை அதுல போடறது."

"வேண்டாததை எருக்குழியில போடாம வாளியில போட்டு யாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் போற?"

அன்று சாயங்காலமே எருக்குழியை வரைய உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு அழைத்துப் போக பைக்கோடு வந்த கணவன் யுவராஜ் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தான்.

"என்ன புள்ள, கோலமா?"

"ஆமா, உங்க ஊட்டு வாசலுக்கு. பேசாம உக்காருங்க, கட்டம் தப்பிடும்."

சருகும் சாணமும் மேடு கட்டிய குழி. அதன் மேல் ஒரு பூசணிக்கொடி, ஒற்றை மஞ்சள் பூ. ஆனால் குப்பைக்கு இரண்டு படம் வேண்டியிருந்தது. உள்ளே ஏதாவது கிடந்தால் ஒன்று, காலியாக இருந்தால் இன்னொன்று. அவள் முடித்தது நிறைந்த குழியை மட்டும்தான்; காலியானால் பழைய தொட்டியே வரும்.

"காலிக் குழின்னு ஒண்ணு ஏதுங்க? எரு அள்ளின மறுநாளே கோழி எறங்கிக் கிண்டும். அந்தக் கோழியைப் போடணும். காலுதான் வர மாட்டேங்குது" என்றாள். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலோடுதான் யுவராஜ் மலை ஏறினான்.

சங்கத்தார் அவள் நாற்காலியில் அவனையே உட்காரச் சொன்னார்கள். அவன் எதை அழித்தாலும் ஒரு ஃபைலையாவது குப்பையில் விட்டுவைப்பான். பூசணிப்பூ அங்கேயே இருந்தது.

ரோஸ்லின் மேடம் வந்தது மிளகு வரத்து மும்முரமாக இருந்த நாளில். திருச்சிப் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்த அதிகாரி. எல்லா சங்கங்களிலும் ஒரே மாதிரி புரோகிராம் போடும் பொறுப்பு அவருடையது.

"இதைப் போட்டுட்டா தினமும் சாயங்காலம் குப்பை தானா காலியாயிடும். டிஸ்க் நிறையாது" என்றார்.

யுவராஜின் கை நின்றது. தினமும் காலியானால், தினமும் காலையில் அந்தத் தொட்டி முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். காலிக் குழிக்குப் படம் போடாம பாக்கி கெடக்குது. அதை முடிச்சுட்டுப் போட்டுக்கலாங்க."

"படமா? தொட்டிதான் இருக்கே. எல்லா ஆபீஸ்லயும் தொட்டிதான்."

"இங்க குழிங்க."

ரோஸ்லின் அவனை ஒரு கணம் பார்த்தார். யாரோ அவரிடம் கோகிலாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும், குரல் தணிந்தது. "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வருத்தத்தை வெச்சுக்க முடியாது."

"வருத்தத்தை ஊட்டுலதாங்க வெச்சிருக்கேன். இங்க இருக்கறது வேலை. பாதியில நிக்குற வேலை."

"நகருங்க, நானே போட்டுக்கறேன்."

யுவராஜ் நகர்ந்தான். நகரும்போது மௌசை வயரோடு பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதன் வால் மட்டும் வெளியே தொங்கியது.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எலி புடிச்சுட்டான் பாருங்க!"

"என்ன இது சின்னப்பிள்ளை மாதிரி? நான் மேலே எழுதிப் போட வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. மௌசைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்னே எழுதுங்க."

"எனக்கு பஸ் இருக்கு, யுவராஜ்."

"பஸ்சு போனாப் போவுது சாமி" என்றாள் கண்ணாயி. "நம்மூட்டுல சாமைச் சோறு கெடக்குது. அந்தப் புள்ள போட்ட படத்தைப் பாத்துத்தான் நான் மூட்டைக் கணக்கே சொல்றேன். விடுங்க, போடட்டும்."

"ஆமாங்க" என்றார் அடுத்த மூட்டையோடு நின்ற குப்புசாமி. "வாளின்னு சொல்லி முதல்ல வம்பு பண்ணுனதே நாந்தான்."

ரோஸ்லின் நெற்றியைத் தேய்த்தார். "பஸ் வர்ற வரைக்கும்தான்."

யுவராஜ் மௌசை மாட்டி எடிட்டரைத் திறந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறான், கை வைத்ததில்லை. செம்மண் நிறத்தில் குழியைத் தோண்டினான். அது எளிதாக வந்தது. கோழி வரவில்லை.

"இதென்னப்பா, கழுதையா?" என்றார் குப்புசாமி.

வேறொரு பெயரில் சேமித்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

"இப்போ கழுதைக்குக் கொண்டை மொளச்சிருக்குது" என்றாள் கண்ணாயி.

அதையும் சேமித்துவிட்டுப் போட்ட மூன்றாவது கோழிக்கு வாலும் கொண்டையும் ஒழுங்காக அமைந்தன. கால்தான், அவளுக்கு வராத அதே கால், அவனுக்கும் வரவில்லை. இரண்டு கட்டம் வைத்தால் குச்சியாக இருந்தது, மூன்று வைத்தால் தூணாக இருந்தது. வெளியே ஹாரன் கேட்டது. ரோஸ்லின் எழுந்தார்.

யுவராஜ் காலை அழித்துவிட்டான். அது இருந்த இடத்தில் செம்மண் துகளாக நாலைந்து கட்டம் இறைத்துவிட்டான். கோழி கிண்டிக்கொண்டிருந்தது, கால் மண்ணுக்குள் இருந்தது.

அதைக் காலிக் குழியின் பெயரில், கோகிலாவின் படங்கள் இருந்த அதே இடத்தில் சேமித்தான். பிறகு யாரும் சொல்லாமலே குப்பையைக் காலி செய்தான். பூசணிப்பூ போயிற்று. தொட்டி வரவில்லை. கோழி இறங்கியது.

"புரோகிராமைப் போட்டுக்கங்க மேடம்" என்று நாற்காலியை விட்டு எழுந்தான்.

ரோஸ்லின் நின்றவாறே அதைப் போட்டு முடித்தார். திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க இது என்னன்னு கேட்டா?"

"கோழின்னு சொல்லுங்க. கோழி மாதிரி இல்லைன்னா, போட்டவனை வந்து கேக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

யுவராஜ் மறுபடி உட்கார்ந்தான். கழுதையும், கொண்டை முளைத்த கழுதையும் அனாதையாகக் கிடந்தன. இரண்டையும் இழுத்துக் குழியில் போட்டான். கோழி விலகியது. குழி நிறைந்தது; மேலே கொடி ஏறி, அந்த மஞ்சள் பூ மறுபடி பூத்தது.

"அடுத்த மூட்டை யாருதுங்க?" என்றான்.