கேடயம் பிடித்த இடது கை

பத்திரிகையில் அந்தப் படம் வந்த காலையில் போலீஸ் குடியிருப்பில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அணை கட்ட நிலம் தரமாட்டோம் என்று குரோத்தானி பள்ளத்தாக்கில் மறியல் செய்த விவசாயிகளை அகற்றப் போன கலவரத் தடுப்புப் படையினரின் குடும்பங்கள் இருந்தது இந்த நாலு மாடிக் கட்டடத்தில்தான். டோக்கியோ பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அதே படம். ஒரு கிழவி சேற்றில் மல்லாந்து கிடக்கிறாள். அவளுக்கு முன்னால் கேடயத்தை ஓங்கியபடி ஒரு போலீஸ்காரன். அவனுடைய முதுகும் ஹெல்மெட்டும் மட்டுமே தெரிகின்றன.

ஹிசாயே முதலில் கிழவியைத்தான் பார்த்தாள். பிறகு அந்த முதுகைப் பார்த்தாள். இடது முழங்கை மடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவள் கணவன் யசுமாசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஜூடோ ஆடும்போது அந்த முழங்கை உடைந்து, சரியாகச் சேரவில்லை. சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கும்போதுகூட அது அப்படித்தான் துருத்தும்.

'எத்தனையோ பேர் கை அப்படி இருக்கும்' என்று சொல்லிக்கொண்டாள். பத்திரிகையை மடித்து அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

யசுமாசா வார இறுதியில் வீட்டுக்கு வந்தான். குளித்தான், சாப்பிட்டான், பேஸ்பால் பார்த்தான். பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்போதும் அவன் பேசுகிறவன் இல்லைதான். ஆனால் முன்பெல்லாம் அந்த மௌனத்தில் அவளுக்கு எதுவும் தோன்றியதில்லை. இப்போது அவன் சோயா சாஸ் குப்பியை நகர்த்தினால்கூட எதையோ மறைக்கிறான் என்று பட்டது.

அதற்குள் குடியிருப்பில் ஒரு பெயர் அடிபடத் தொடங்கிவிட்டது. மூன்றாவது மாடி ஒகிதா. போன வாரத்திலிருந்து அவனை முன்வரிசையிலிருந்து எடுத்து வண்டிக் கொட்டகைக்குப் போட்டிருந்தார்கள்.

"சும்மாவா கொட்டகைக்கு மாத்துவாங்க?" என்று மாடிப்படி கழுவும்போது கேட்டாள் படைக்குழுத் தலைவர் கபேயாவின் மனைவி. "நான் எதுவும் சொல்லலை. நீங்களே யோசிச்சுக்கோங்க."

மற்றவர்கள் யோசித்துக்கொண்டார்கள். ஒகிதாவின் மனைவி கினுயோ வாளியோடு வந்தபோது பேச்சு நின்றது. அவள் கழுவ வேண்டிய படிகளை முன்னாலேயே யாரோ கழுவி வைத்திருந்தார்கள். அடுத்த நாள் பொதுக் குளியலறையில் அவள் தொட்டிக்குள் இறங்கியதும் இரண்டு பெண்கள் எழுந்துபோனார்கள். ஹிசாயே எழுந்திருக்கவில்லை. ஆனால் கினுயோவின் பக்கம் திரும்பவும் இல்லை. வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து, தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எழுந்ததை உணர்ந்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். "மெத்தையைக் கொஞ்சம் காயப் போடுங்களேன்" என்றாள் கணவனிடம். எப்போதும் அவளே செய்கிற வேலை அது.

யசுமாசா மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான். தலைக்கு மேல் உயர்த்திக் கம்பியில் போட்டான். அவள் பின்னாலேயே நின்று அந்த முதுகையும் துருத்திய இடது முழங்கையையும் பார்த்தாள். அவன் திரும்பினான்.

"என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல."

"பேப்பரை எங்க வச்சிருக்க?"

அவள் கண் அரிசிப் பெட்டியின் பக்கம் போனது. அவன் கம்பியைப் பிடித்தபடி கீழே மைதானத்தைப் பார்த்தான்.

"நீயும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு வந்த அன்னைக்கே தெரியும்" என்றான். "கேட்டிருக்கலாமே."

"நீங்கதானா?"

"தெரியலை."

"இதென்னங்க பதில்?"

"நிஜமா தெரியலை, ஹிசாயே. மேட்டு மேலேயிருந்து விவசாயிங்க வாளி வாளியா மலத்தை ஊத்துறாங்க. ஹெல்மெட் கண்ணாடி முழுக்க அதுதான். துடைக்கத் துடைக்க பூசிக்குது. தள்ளுங்கன்னு சத்தம் வருது. பின்னாடி இருக்கிறவன் என்னைத் தள்ளுறான், நான் முன்னால தள்ளுறேன். அப்ப கேடயத்துல ஏதோ மெத்துன்னு பட்டுச்சு. வைக்கோல் மூட்டைன்னு நினைச்சேன்." கம்பியிலிருந்து கையை எடுத்தான். "நினைச்சேனா, நினைக்கணும்னு நினைச்சேனா, அதுவும் தெரியலை. மறுபடியும் ஓங்கினேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"கபேயா சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். படத்துல முகம் இல்ல, உன்னை யாரு கேட்டாங்கன்னார்."

"அப்ப ஒகிதா?"

யசுமாசா முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டான். "அவன்தான் வரிசையை விட்டுப் போயி அந்தம்மாவைத் தூக்கிக்கிட்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் ஓடினவன். உத்தரவு இல்லாம வரிசையை விட்டதுக்குத்தான் கொட்டகை."

ஹிசாயே அதற்கு மேல் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

கினுயோ கதவைப் பாதி திறந்தாள். முழுவதும் திறக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர்தான் அது" என்றாள் ஹிசாயே. "அநேகமா அவர்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் அவருக்குப் பக்கத்துலதானே நின்னாரு. வெளியில சொல்லாதேன்னார், சொல்லலை." கினுயோவின் குரலில் கோபம்கூட இல்லை. "உங்களுக்கும் தெரியும்னு எனக்குக் குளியலறையிலயே தோணிடுச்சு. மத்தவங்க என்னை முறைச்சாங்க. நீங்க மட்டும் தலையே நிமிரலை. எப்ப வருவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். வரமாட்டீங்களோன்னும் நினைச்சேன்."

ஹிசாயே மன்னிப்புக் கேட்டு ஆழமாகக் குனிந்தாள். கினுயோ பதிலுக்குக் குனியவில்லை. கதவையும் சாத்தவில்லை.

அடுத்த முறை படி கழுவும்போது, படத்தில் இருப்பது தன் கணவன்தான் என்று எல்லோரும் இருக்கும்போதே ஹிசாயே சொன்னாள். கபேயாவின் மனைவி துடைப்பத்தைக்கூட நிறுத்தவில்லை.

"முகமே இல்லாத படத்தை வச்சு எதுக்கு வம்பு? பிள்ளைங்க காதுல விழப்போகுது."

கபேயா சொன்ன அதே பதில் இது என்று அப்போதுதான் ஹிசாயேவுக்கு உறைத்தது. இவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துதான் ஒகிதாவின் பெயரை எடுத்து விட்டிருக்கிறாள்.

யசுமாசா இந்த முறை கபேயாவைத் தாண்டித் தலைமையகத்துக்கே போய்ச் சொன்னான். விசாரணை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள், யாரென்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் சொல்லிவிட்டாளாம். மருத்துவமனைக்குப் போன யசுமாசாவை அவளுடைய மகன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். வசந்தம் வருவதற்குள், வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் காவல் சாவடிக்கு மாற்றல் வந்தது. ஒகிதா கொட்டகையிலேயே இருந்தான்.

சாமான் ஏற்றிய அன்று மாடி ஜன்னல்களில் திரைகள் அசைந்தன. கினுயோ மட்டும் கீழே வந்து, அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதை வண்டிக்குத் தூக்கினார்கள்.

துறைமுகத்தில் மீன் கடைக்காரி முதல் வாரமே கேட்டாள். "அங்க பெரிய படையில இருந்தவராமே. இந்தக் குக்கிராமத்துக்கு எதுக்கு அனுப்பினாங்க?" கேட்டுவிட்டு, மீனை நறுக்குவதை நிறுத்தி ஹிசாயேவின் முகத்தையே பார்த்தாள்.

மழுப்பலாகச் சொல்ல ஒரு பதிலை ஹிசாயே ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தாள். அது நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு வயசானவங்களை அடிச்சிட்டாரு" என்றாள்.

கடைக்காரி மறுபடி கத்தியை எடுத்து நறுக்கி முடித்தாள். பிறகு மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டுப் பிள்ளைகள் காவல் சாவடியைக் கடக்கும்போது தெருவின் எதிர்ப்பக்கமாகவே போனார்கள். யசுமாசா அதைக் கவனித்தான். அதற்காக ஹிசாயேவை அவன் ஒருபோதும் கடிந்துகொள்ளவில்லை.