மாடியில் நின்ற நயினார்

வீடு கட்டுகிற எவருக்கும் இரண்டு ஆசை உண்டு. ஊரே வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒருத்தர் கண்ணும் அதில் படக்கூடாது. இரண்டும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகிறது என்று கேட்டால், கேட்டவன் பொறாமைக்காரன் ஆகிவிடுவான். அதனால்தான் பாதி எழும்பிய கட்டடத்தின் முன்னால் பழைய சட்டையில் வைக்கோல் அடைத்து ஒரு பொம்மையைத் தொங்கவிடுகிறார்கள். மலையாளத்தில் அதற்கு நோக்குகுத்தி, திருநெல்வேலிப் பக்கம் திருஷ்டிப் பொம்மை. வருகிற கண் முதலில் அதன் மேல் விழுந்து அங்கேயே தொலைந்து போகட்டும் என்று ஏற்பாடு.

சுடலைமாடத்தி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து புருஷன் பால்பாண்டியோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவள். ஆரியசாலைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பு. அவனுக்குக் கொத்தனார் வேலை, அவளுக்குச் சித்தாள் வேலை. செங்கல் சுமந்தது கூலிக்கு. பொம்மை கட்டியது ஆசைக்கு. முதல்முதலாக ஒரு கட்டடத்தில் யாரோ கட்டிய பொம்மையைப் பார்த்துவிட்டு, "தூக்குல தொங்குனவன் மாதிரில்லா இருக்கு" என்று அவிழ்த்துப் போட்டுத் தானே திரும்பக் கட்டினாள். அதற்குப் பிறகு அவள் இருக்கிற இடத்தில் வேறு எவரும் அந்த வேலையில் கை வைப்பதில்லை. சிமென்ட் சாக்கு, பெயின்ட் வாளி மூடி, உடைந்த டைல்ஸ், கட்டுக்கம்பி, பழைய கையுறை என்று மற்றவர்கள் காலால் எற்றித் தள்ளுகிற சாமான்களை அவள் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு திரிவாள்.

ஒரே ஒரு மனக்குறைதான். வீடு முடிந்து பால்காய்ச்சுக்கு நாள் குறித்தார்களோ இல்லையோ, பொம்மையை இறக்கிக் கொளுத்திவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் கட்டிய எதுவும் மிஞ்சவில்லை. ஒன்றே ஒன்றாவது நிற்க வேண்டும், போகிற வழியில் தன் கையால் செய்தது ஒன்று நிற்பதைத் தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார ஆசை.

"கோட்டி பிடிச்சிருக்காட்டி ஒனக்கு?" என்பான் பால்பாண்டி. "திருஷ்டிப் பொம்மைய எவனாவது பூட்டி வச்சுக் கும்பிடுவானா?"

"கும்பிடச் சொன்னேனா? இருக்கட்டும்னுதான சொல்லுதேன்" என்பாள் அவள்.

இப்படி இருக்கையில்தான் வட்டியூர்க்காவில் ஆறுமுகநயினார் வீட்டு வேலை வந்தது. ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர். மூன்று மாடி வீடு. வாசலில் இரண்டு சிமென்ட் சிங்கம், அதற்குப் பின்னால் ரோமாபுரித் தூண்கள், பால்கனியில் இரும்பு மயில். நிறமோ மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூவும். அந்த வீட்டைப் பார்க்காமல் அந்த ரோட்டில் போக வேண்டுமானால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பூச்சு முடிந்ததுமே மனுஷனுக்குப் பயம் பிடித்துவிட்டது. காரிலிருந்து இறங்காமலே கான்ட்ராக்டர் ஜெயனிடம் சொன்னார்.

"எல்லாரும் பாக்கணும் கேட்டியா. ஆனா ஒருத்தன் கண்ணும் பட்டுரப்பிடாது. நல்ல ஒரு பொம்மையாட்டு கெட்டி மாடியில நிறுத்து."

நயினாரின் மனைவி சரஸ்வதியம்மாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய பை நிறையப் பழைய துணி கொடுத்துவிட்டாள். எல்லாம் புருஷனுடையது. ஜரிகை வேட்டி, சாயம் போன கிளிப்பச்சை சட்டை, உள்சட்டை, கம்பி வளைந்த ஒரு குடை. பையைக் கவிழ்த்ததும் சுடலைமாடத்திக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சோற்றை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கட்டுகிற விதமே வேறு. மற்றவர்கள் சட்டைக்குள் வைக்கோலைத் திணிப்பார்கள், அவ்வளவுதான். அவள் சட்டையை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எங்கே நைந்திருக்கிறது, எங்கே பொதபொதவென்று தொங்குகிறது, எந்தப் பொத்தான் இழுபட்டு இழுபட்டு ஓட்டை பெரிதாகியிருக்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டு, துணி கேட்கிற இடத்தில் கேட்கிற அளவு வைக்கோல் வைப்பாள். இந்தச் சட்டை வயிற்றில் நிறையக் கேட்டது. இடது தோளில் கொஞ்சம் சரியக் கேட்டது. சரித்தாள். வாளி மூடியில் முகம், குளியலறை டைல்ஸில் கண், தேங்காய் நாரில் மீசை. கையுறையில் மணல் நிரப்பி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் குடையைக் கொடுத்து ரோட்டைப் பார்த்து நீட்டிவிட்டாள். வீட்டுக்காரரை அவள் காருக்குள் பாதி முகமாகத்தான் பார்த்திருந்தாள். அதனால் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

தெரிந்தவன் ஜெயன்தான். பொம்மையை மாடியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சேச்சி, இது எந்தொரு சாதனம்! அடிபொளி!" என்றான். வேறு எதுவும் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து கூத்து ஆரம்பித்தது. மீன்காரி நிமிர்ந்து பார்த்து, "மொதலாளி, அயிலை வேணோ?" என்று கேட்டு, பதில் வராததால் விலையைக் குறைத்துக்கொண்டே போனாள். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓணம் விழாவுக்கு மேடையில் பேச வர வேண்டும் என்று கீழே நின்றபடியே அழைத்தார், மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நோட்டீஸிலும் போடச் சொல்லிவிட்டார். அது பொம்மை என்று தெரிந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பில் கை ஊன்றிக் குடையை நீட்டி அதே மாதிரி நின்று படம் எடுத்தார்கள். பஸ்கூட அந்த இடத்தில் மெதுவானது. ரோமாபுரித் தூணை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. சிங்கத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மாடியைப் பார்த்தார்கள். சுடலைமாடத்தி மணல் சலித்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பல்லாக இருந்தது அவளுக்கு.

வினை தாசையன் ரூபத்தில் வந்தது. நயினாரின் பழைய கூட்டாளி, லாரி ஏஜென்ட். ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்தார், பாவம். மகள் கல்யாணத்துக்குச் சொல்ல ஸ்கூட்டரில் வந்தவர் மாடியில் நயினாரைப் பார்த்துவிட்டு ரோட்டிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார். அசைவில்லை. கையை வீசியிருக்கிறார். அதற்கும் அசைவில்லை. மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மிளகாய்க் கடையில் போய் நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டு வருவது என்று நேரே ஆரியசாலைக்கு வண்டியை விட்டார். அங்கே கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் ஆறுமுகநயினார்.

"ஓய்! நான் ஸ்கூட்டர்ல வாறதுக்குள்ள நீரு எப்பிடி ஓய் இங்க வந்தீரு?" என்றார் தாசையன்.

நயினார் டீயை வைத்துவிட்டுக் காரை எடுத்தார். கடைக்கு வந்திருந்த சரஸ்வதியம்மாளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

வந்து இறங்கியவர் குதித்த குதியில் வேட்டி அவிழாமல் இருந்தது பெரிய விஷயம். "எந்தா இது? எந்தாண்ணு கேக்கேன்! நான் கோடி கோடியாட்டு கொட்டி வீடு கெட்டினா, ஊருக்காரன் என்னைப் பாத்து இளிக்கான்! நான்தான் இந்த வீட்டுக்குத் திருஷ்டிப் பொம்மையா? இறக்குலே! இப்பமே கொளுத்துலே!"

ஜெயன் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், மறுபடியும் மேலே பார்த்தான். "அய்யோ மொதலாளீ, மொதலாளியோட முகத்துல தீ வைக்க எனக்குக் கை உயரில்லா" என்று தீப்பெட்டியைப் பால்பாண்டியிடம் கொடுத்தான். பால்பாண்டி சுடுகிற பொருளை வாங்கியவன்போல அதைச் செங்கல் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

"அப்பம் கெட்டினவளே கொளுத்தட்டும்" என்றார் நயினார்.

இது நின்றால் உண்டு, இதுவும் போனால் இனி எதுவும் நிற்கப் போவதில்லை என்று சுடலைமாடத்திக்குத் தெரிந்தது. அழுதால் கொளுத்திவிடுவார்கள், சண்டை போட்டால் கட்டாயம் கொளுத்திவிடுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தாள்.

"சரி மொதலாளி. தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"என்னது?"

"எந்தப் பக்கத்துல இருந்து வைக்கணும்னு கேக்கேன். வேட்டி ஒங்களுது, சட்டை ஒங்களுது, வயிறும் ஒங்க வயிறுதான். நான் பாட்டுக்கு வச்சுரக்கூடாதுல்லா? மொறைப்படி மகன்தான வைக்கணும்? அவரு துபாய்ல இருக்காருன்னாவ. வாற வரைக்கும் வேணும்னா நிக்கட்டுமா?"

முகத்தில் ஒரு சிரிப்பில்லை. அவ்வளவு பணிவாகக் கேட்டாள்.

சரஸ்வதியம்மாள் அலறிய அலறலில் காக்கை பறந்தது. "பால் காய்ச்சப் போற வீட்டுல கொள்ளிப் பேச்சா! என் கண்ணு முன்னாடி அந்த வேட்டியில ஒருத்தி தீயை வைப்பாளா? தொட்டுப் பாருங்க ஒருத்தராவது!" தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடுவாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

நயினாருக்கு அதுவும் அவமானமாகப் போயிற்று. தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மூசு மூசு என்று மாடி ஏறினார். சுடலைமாடத்தியும் பின்னாலேயே ஓடினாள். பால்கனியில் அவர் பொம்மையின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவள்தான் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறாளே, அது வருமா? குடைக்கம்பி அவர் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போனால் பொம்மையின் கை அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மாடியில் இரண்டு ஆறுமுகநயினார் கட்டிப் புரளுவதைப் பார்த்து, கீழே ரோட்டில் நின்ற கூட்டம் ஹோவென்று கத்தியது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். "இடதுபக்கம் நிக்கது ஒரிஜினல்!" என்று ஒருவன் கத்த, "இல்லடே, அது டூப்பு!" என்று இன்னொருவன் பந்தயம் கட்டினான்.

ஒருவழியாக விடுவித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றவரின் கண் பொம்மையின் தோளில் விழுந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. அவர் கை தானாகத் தன் இடது தோளுக்குப் போனது.

அப்பா கடையில் நாற்பது வயது வரை அவரே மிளகாய் மூட்டை சுமந்தவர். சரிந்த தோள் தெரியாமல் இருக்க இப்போது தைக்கிற சட்டைக்கெல்லாம் உள்ளே பஞ்சு வைக்கச் சொல்கிறார். அது தையல்காரருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"இது எப்பிடி ஒனக்குத் தெரியும்?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு எங்க தெரியும் மொதலாளி? சட்டை அப்பிடித்தான் இருந்துச்சு. அங்ஙன நல்லா நைஞ்சு போயிருந்துச்சு. பாவமாட்டு இருந்துச்சா, கொஞ்சம் சரிச்சு மெத்துன்னு வச்சேன்."

நயினார் பொம்மையின் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். கீழே கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. மிளகாய் வாங்க வருகிறவன் அவரைப் பார்த்துத் தும்முவான், வரிக்காரன் முறைப்பான். அவரைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. மெதுவாகத் திரும்பி, பொம்மையின் பக்கத்தில் நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றினார். தெரு அதிர்ந்தது.

"நிக்கட்டு" என்றார் அவளிடம். "பால் காய்ச்சின பொறவும் நிக்கட்டு."

அந்த வார்த்தையைக் கேட்ட சந்தோஷத்தில் சுடலைமாடத்தி எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மாலை வரை சிமென்டில் தண்ணீருக்குப் பதில் ஜல்லியை அள்ளிப் போட்டுப் பால்பாண்டியிடம் திட்டு வாங்கினாள். திட்டு உறைக்கவே இல்லை.

பால்காய்ச்சு அன்றைக்குச் சரஸ்வதியம்மாள் அவளை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் மூன்று பட்டுப்புடவையைப் பரப்பினாள். எல்லாம் மடிப்புக் கலையாதது. "எனக்கும் ஒண்ணு கெட்டித் தா மாடத்தி. அவரு மட்டும் தனியாட்டு நிக்கது நல்லால்ல."

"புதுசுல ஆளு இருக்காது ஆச்சி. பழசு ஏதாவது தாங்க."

ஆச்சி வெகுநேரம் யோசித்தாள். பிறகு கொடியிலிருந்து ஒரு பூப்போட்ட நைட்டியை உருவிக்கொண்டு வந்தாள். "ஊருக்காரன் பாப்பானேட்டி" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரித்துச் சிரித்துக் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாள்.

அடுத்த வேலை நெட்டயத்தில். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் வட்டியூர்க்காவு தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் காலையில் சுடலைமாடத்தி பால்பாண்டியை இடித்துத் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வளைவு திரும்பியதும் பஸ் தானாகவே மெதுவாயிற்று. டிரைவருக்கும் கண் இருக்கிறதே. மாடியில் குடையோடு நயினார், பக்கத்தில் நைட்டியில் கரண்டியோடு ஆச்சி. பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்தது.

"இது ஆரு உண்டாக்கியதாணாவோ" என்றாள் முன்சீட்டில் ஒரு காலேஜ் பெண்.

சுடலைமாடத்தி எழுந்து நின்றுவிட்டாள். "நான்! நானாக்கும் செஞ்சது! ரெண்டும் நான்தான்!"

கண்டக்டர் திரும்பினான். முன்சீட்டு, பின்சீட்டு, படியில் தொங்கியவர்கள், எல்லோரும் திரும்பினார்கள். பொம்மையை விட்டுவிட்டு அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்கள். பால்பாண்டி அவள் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"இரிட்டி. அம்புட்டுக் கண்ணும் ஒம்மேலதான் இருக்கு. பட்டுரும்."

"படட்டுமே" என்றாள் சுடலைமாடத்தி. உட்காரவில்லை.