சிவப்புச் சுவிட்சுக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி காலையில் பாண்டியம்மாள் தன் டைப்பிங் கடையில் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரின் பிளக் சுவிட்சைத் தட்டினாள். டமார்! பெட்டியின் பின்பக்கம் வெடித்துப் புகை கிளம்பியது.

"ஆத்தாடி ஆத்தா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

பயம் புகைக்காக இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிற மெர்லின், மாமரத்து நோயைப் பற்றி மூன்று வருசம் பாடுபட்டு எழுதிய ஆராய்ச்சி முழுக்க அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. நாளைக்குக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். "வேற எதுலயாச்சும் ஒரு காப்பி போட்டு வையுங்கக்கா" என்று அந்தப் பெண் சொல்லித்தான் போனாள். பூசை முடியட்டும் என்று இந்த மகராசிதான் தள்ளிப்போட்டாள்.

பக்கத்துக் கடை கர்ணன் ஓடி வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். மாமியார் ஊரான வடுகபட்டியிலிருந்து அப்போதுதான் வந்து, இன்னும் தன் கடைச் சுவிட்ச் ஒன்றைக்கூடப் போடவில்லை.

"எல்லாம் இந்தக் கரண்டு ஆபீஸ்காரனால வந்த வினை!" என்று கத்தினாள் பாண்டியம்மாள்.

கர்ணன் பெட்டியை முகர்ந்து பார்த்தான். திருகுகளைக் கழற்றினான். பத்து வருசத்துப் பழைய பெட்டி. உள்ளே ஒட்டடை மண்டிக் கிடந்தது. பவர் சப்ளையில் இரண்டு கண்டென்சர் வெடித்துச் சிதறியிருந்தன. பெட்டியைத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யக்கா, இங்கன வந்து பாருங்க."

பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச். அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம்.

"நம்ம கரண்டு இருநூத்தி முப்பது வோல்ட்டு. இது நூத்திப்பதினஞ்சுல நிக்கிது. வெளிநாட்டுக் கரண்டுக்குன்னு வச்ச சுவிட்சு இது. யாரு தள்ளுனது?"

நேற்று ஆயுதபூசைக்கு ஈரத்துணியில் நகத்தைக் கொடுத்து அந்தச் சந்தில் அழுக்கைச் சுரண்டியது பாண்டியம்மாள்தான். டக்கென்று ஏதோ நகர்ந்தது. சிவப்பாக லட்சணமாய் இருக்கிறதே என்று அதற்கும் பொட்டு வைத்தாள். அவள் பூசை போட்டால் கடை விளங்கும் என்று அந்தத் தெருவில் நாலு பேருக்கு நம்பிக்கை வேறு.

அந்த நேரம் பார்த்துத்தான் மெர்லின் வாசலில் வந்து நின்றாள். கழன்று கிடந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அக்கா... என்னோடதா?"

"பதறாத தாயி."

"போச்சுன்னா மறுபடி டைப் அடிச்சிரலாம்ல? நான் கையால எழுதித் தந்த பேப்பரைக் குடுங்க."

பாண்டியம்மாள் தலையைக் குனிந்தாள். "கடைய ஒதுங்க வைக்கையில... பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுட்டேன்."

மெர்லின் அழவில்லை. "யேசுவே" என்று மட்டும் சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாண்டியம்மாளுக்கு.

கர்ணன் உருப்படியான பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். விசிறி, ராம், கடைசியாக ஹார்ட் டிஸ்க். அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினான். "உள்ள ஒண்ணும் ஒடஞ்ச மாதிரி தெரியல. என் கடைப் பெட்டியில மாட்டிப் பாப்போம். இதுவும் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

மூவரும் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். டிஸ்கை மாட்டி, கேபிளைச் செருகி, கர்ணன் பிளக் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அந்தக் கை போகிற வழியில், அவனுடைய மானிட்டர் நெற்றியில் சந்தனம் தெரிந்தது.

அது பாண்டியம்மாளே வைத்த பொட்டு. ஊருக்குப் போகும்போது அவன் சாவியைக் கொடுத்து, "என் கடைக்கும் பூச போட்டுருங்கக்கா" என்று சொல்லிவிட்டல்லவா போனான்!

"கையை எடுறா பாவி!" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பின்னாடி அதே சிவப்புச் சுவிட்ச், அதே பொட்டு, அதே நூற்றுப்பதினைந்து. கர்ணனுக்கு வியர்த்துவிட்டது. "அடப்பாவி மக்கா..." என்று சுவிட்சைப் பழையபடி தள்ளிவிட்டுக் கரண்டைப் போட்டான். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெர்லினின் மாமரங்கள் பக்கம் பக்கமாகத் திரையில் வந்தன. அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"மொதல்ல ஒரு சி.டி.யில காப்பி போடுங்கண்ணே" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சி.டி. போடுற மிசினு எதுத்தாப்புல விஜயபாண்டி ஸ்டூடியோலதான் இருக்கு. இந்தா, இப்பத்தான் கடையத் தொறக்குறாப்ல."

"அய்யய்யோ, அங்கயும் நாந்தானே பூச போட்டேன்!" என்றாள் பாண்டியம்மாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினாள்.

"ஏலே விஜயபாண்டி! சுவிட்சைத் தொடாதடா!"

பாதி ரோட்டைத் தாண்டுவதற்குள் ஸ்டூடியோவுக்குள் டமார் என்றது.